அழுத்தத்தைக் கூட்டிவிட்டு இதயத்தை அடக்கும் ஹார்மோன்

1895இல் ஜார்ஜ் ஆலிவர், எட்வர்ட் ஷேஃபர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்கு ஊசி வழியாக ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் எகிறியது. மூன்று வருடம் கழித்து அமெரிக்காவில் வில்லியம் ஹோவெல், அந்த வேலையைச் செய்வது சுரப்பியின் பின்பகுதிதான் என்று கண்டுபிடித்தார். அழுத்தம் ஏறும்போதே இதயத் துடிப்பு மந்தமாவதையும் அவர் கவனித்தார்.

அந்தச் சாற்றில் இருந்தது வாசோபிரசின். ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மூலக்கூறு. இதைத் தயாரிப்பவை மூளையின் ஹைப்போதாலமஸில் உள்ள நரம்பணுக்கள். பிட்யூட்டரியின் பின்பகுதி வெறும் கிடங்கு.

பெயரில் ('பிரசின்') அழுத்தம் இருந்தாலும், அன்றாடம் இது பார்ப்பது தண்ணீர்க் கணக்குதான். ரத்தத்தின் செறிவு 1, 2 சதவீதம் கூடினாலே சுரந்துவிடும். சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். வெயிலில் அலைந்த நாளில் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது இதனால்தான். மது இந்தச் சுரப்பைத் தடுக்கும். குடித்தவர் ஏன் அடிக்கடி எழுந்து போகிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் ரத்தம் குறைந்தால் இது அவ்வளவு சீக்கிரம் பதறாது. சுமார் 10 சதவீதம் போக வேண்டும். ரத்ததானத்தில் எடுக்கும் 350 மில்லி, உடலில் உள்ள ஐந்து லிட்டரில் 7 சதவீதம்தான். அந்த அளவு இழப்பைக் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகளே சமாளித்துவிடும்: மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சேதி போகும், சில நொடிகளில் துடிப்பு கூடும், ரத்தக்குழாய்கள் இறுகும். இழப்பு எல்லை தாண்டினால்தான் வாசோபிரசின் மளமளவென்று கொட்டிக் குழாய்களை இன்னும் நெருக்கும்.

சரி, ஹோவெல் பார்த்த அந்த மந்தத் துடிப்பு? மூளைக்குள் ரத்தத்தில் உள்ள எல்லாமே நுழைந்துவிட முடியாது, காவல் உண்டு. முகுளத்தின் ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் மட்டும் அந்தக் காவல் தளர்வு. வாசோபிரசின் அங்கே புகுந்து, துடிப்பை அடக்கும் அனிச்சைச் செயலை முடுக்கிவிடுகிறது. குழாயை இறுக்கிக்கொண்டே இதயத்தின் வேகத்தைக் குறைப்பதால், நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு மொத்த அழுத்தம் லேசாகத்தான் ஏறும். அந்த அனிச்சைச் செயல் பழுதானவர்களிடம் அதே அளவு வாசோபிரசின் அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இதற்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. கிருமித்தொற்று முற்றி அழுத்தம் சரிந்த நோயாளிகளில் பலருக்கு, தேவை அதிகமான நேரத்தில் ரத்தத்தில் வாசோபிரசின் குறைந்துபோயிருக்கும். அழுத்தத்தை ஏற்றும் வழக்கமான மருந்தான நோரட்ரினலின் மட்டும் போதாதபோது நிமிடத்துக்கு 0.03 யூனிட் என்ற சொற்ப வேகத்தில் இதையும் சேர்த்து ஏற்றுகிறார்கள்.