மாடல் அலமாரி: தூசியை விடப் பலகைக்கும் பசைக்கும் பயப்படுங்கள்

விமானம், கார், கப்பல், ரயில் என்று மாடல் சேர்ப்பவர்கள் கண்ணாடி அலமாரிக்காக வரும்போது எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: தூசி உள்ளே போகக் கூடாது. மதுரையில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் தூசியை மெல்லிய பிரஷால் தட்டிவிடலாம். ஈயக் கலவை உருவத்தில் பூக்கும் வெள்ளைப் பொடியையும், மஞ்சளாகிப்போன டீகாலையும் (மாடலில் ஒட்டும் எழுத்து, சின்னப் படலம்), இளகிப் பிசுபிசுக்கும் பிளாஸ்டிக்கையும் எந்த பிரஷாலும் சரிசெய்ய முடியாது. இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் அந்த அலமாரியேதான்.

முதலில் பாச்சா உருண்டை. விளாச்சேரி மண் பொம்மைகளைக் கொலு முடிந்ததும் துணியில் சுற்றி, பெட்டியில் நாலு உருண்டை போட்டு மூடுவது நம் வீட்டுப் பழக்கம். மண்ணுக்கு அது ஒன்றும் செய்யாது. அதே கையோடு மாடல் அலமாரியிலும் இரண்டைப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான விமான, டாங்கி கிட்டுகள், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் மாடல்கள், பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். உருண்டையில் உள்ள நாப்தலீனின் ஆவி அதை இளக்கும். மூடிய பெட்டியில் உருண்டைக்கு அருகே இருக்கும் இறக்கை நுனி, ஆன்டெனா போன்ற மெல்லிய பாகங்கள் முதலில் வளையும். பெயின்டில் விரல் ரேகை பதியும். கற்பூரமும் வேண்டாம். பூச்சிக்குப் பயமாக இருந்தால் அலமாரியின் காலடியில் மருந்து அடியுங்கள், உள்ளே ஒன்றும் போடாதீர்கள்.

இனி அளவு. பலகை வாங்கும் முன் மாடலை அளக்க வேண்டும், அதுவும் இனி வாங்கப்போகும் பெரிய மாடலை. தேஜஸ் போர் விமானம் 13.2 மீட்டர் நீளம். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, அது 18 செ.மீ., 1/48 அளவில் 27.5 செ.மீ. சுகோய்-30 எம்கேஐ 1/72 அளவிலேயே 30 செ.மீ. தாண்டும். 1/18 கார் ஏறக்குறைய 25 செ.மீ. பத்தங்குல ஆழத்தில் அலமாரி செய்துவிட்டு, காரை மூக்கு முன்னால் பார்க்க வைக்க முடியாமல் பக்கவாட்டில் அடுக்கி இடத்தை வீணாக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ரயில் மட்டும் தனிக் கதை. எச்ஓ அளவில் (1/87) சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்றே 24.5 செ.மீ. என்ஜினும் ஐந்து பெட்டிகளும் வைத்தால் ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். அதற்கு ஐந்தடி நீளமும் நாலங்குல ஆழமும் கொண்ட சுவர்ப்பெட்டிதான் சரி.

பொதுவான சேகரிப்புக்கு 4 அடி உயரம், 2½ அடி அகலம், 12 அங்குல ஆழம் போதும். 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஷீட்டை நீளவாக்கில் நான்காகக் கிழித்தால் ஓரடி அகலத்தில் 32 அடி ஓட்டம் (மொத்த நீளம்) கிடைக்கும். ரம்பம் தின்பதால் ஒவ்வொரு துண்டும் அரை நூலுக்குக் கொஞ்சம் மேலே குறையும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று), அதைக் கணக்கில் வையுங்கள். ஒரு அலமாரிக்குப் பக்கம் இரண்டும் மேல், கீழும் சேர்த்து 13 அடி ஓட்டம் போதும், ஆக ஒரு ஷீட்டில் இரண்டு அலமாரி வரும். நண்பரோடு சேர்ந்து வாங்கினால் லாபம். பின்பக்கத்துக்கு 6 மி.மீ. பிளைவுட். தட்டுக்கு 6 மி.மீ. கண்ணாடி, 1/18 டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) கார் ஐந்தை வரிசையாக நிறுத்தப்போகிறீர்கள் என்றால் 8 மி.மீ. ஓரம் பாலிஷ் போட்டே வாங்குங்கள். டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி கேட்டால் துளை, அளவு எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். டஃபன் செய்தபின் அதில் ஒரு நூல் கூட வெட்ட முடியாது. தட்டு தாங்கும் பெக்குக்கு 5 மி.மீ. துளைகளை 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக இடுங்கள். மாடல் மாறும்போது தட்டும் மாற வேண்டுமே.

பலகையில்தான் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாது. எம்ஆர் கிரேடு (ஓரளவே ஈரம் தாங்கும்) பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப், மரத்தூளில் செய்த பார்ட்டிகிள் போர்டு எல்லாம் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் ஒட்டியவை. அந்த ஆவி மூடிய பெட்டிக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, ஈயத்தையும் துத்தநாகக் கலவையையும் அரிக்கும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள (மரைன் பிளைவுட்) பலகையில் ஃபீனால் பசை இருப்பதால் ஆவி மிகக் குறைவு. தேக்கு என்றால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், எந்த மரமும் கொஞ்சம் அசெட்டிக் அமிலம் விடும். பலகையின் இரு முகத்திலும் லேமினேட் ஒட்டுங்கள். கண்ணில் படாத பின் ஓரம், கீல் குழிக்குள் தெரியும் ஓரம் உட்பட எல்லா வெட்டு ஓரத்தையும் எட்ஜ் பேண்ட் (ஓரத்தில் ஒட்டும் பட்டை) போட்டு மூடுங்கள். ஆவி அதிகம் கசிவது அங்கேதான்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். அருங்காட்சியகங்களில் இதற்கு ஆடி சோதனை என்று பெயர். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் கொண்டுவந்தது. ஈயம், வெள்ளி, செம்புத் துண்டுகளைச் சோதிக்க வேண்டிய பொருளோடு ஈரக்காற்றில் 60 டிகிரியில் 28 நாள் மூடிவைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் அதன் எளிய வடிவம் இது: இரண்டு கண்ணாடி ஊறுகாய் பாட்டில் எடுங்கள். தூண்டிலுக்கு மாட்டும் ஈயக்குண்டு இரண்டை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து பாட்டிலுக்கொன்றாகப் போடுங்கள். இரண்டிலும் ஒரு சின்ன மூடியில் ஈரப்பஞ்சு, ஒன்றில் மட்டும் இரண்டங்குலப் பலகைத் துண்டு. இறுக மூடி மொட்டை மாடியில் வெயிலில் ஒரு மாதம் வையுங்கள். பலகையோடு இருந்த குண்டில் மட்டும் வெள்ளை பூத்திருந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது.

கண்ணாடி ஒட்டும் சிலிகானிலும் இதே கதை. காயும்போது வினிகர் வாடை வந்தால் அது அசெட்டிக் வகை, விடுவது அமிலம். பின்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியை அந்தச் சிலிகானால் ஒட்டினால் ரசம் ஓரத்திலிருந்து கறுத்து உள்நோக்கி வரும். கடையில் ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள்.

கதவுக்கு வருவோம். சறுக்குக் கண்ணாடி பார்க்க அழகு. ஆனால் இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு சந்து இருந்தே தீரும். தட்டில் அந்தச் சந்துக்கு நேராக மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருப்பதைப் பார்த்தால் தூசியின் வழி புரியும். கீல் கதவு, மரச்சட்டம், சட்டத்தின் உள்பக்கம் சுற்றிலும் சிலிகான் அல்லது இபிடிஎம் ரப்பர் பட்டை, இதுதான் நிற்கும். ஸ்பாஞ்ச் டேப் நம் வெப்பத்தில் சீக்கிரம் பொடிந்து அதுவே தூசியாகக் கொட்டும்.

ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் அலமாரி மூச்சு விடும். மேலே சொன்ன அளவில் உள்ளே சுமார் 245 லிட்டர் காற்று. விடியலில் 25 டிகிரி, பிற்பகலில் 38 டிகிரி என்றால் அது நாலு சதவீதத்துக்கு மேல் விரியும். பத்து லிட்டர் வெளியே போய், இரவில் அதே பத்து லிட்டர் கிடைத்த சந்து வழியாகத் தூசியோடு திரும்பி வரும். அதனால் வழியை நாமே வைத்துவிடுவது நல்லது: பின்பலகையின் அடியில் ஓரங்குலத் துளை போட்டு, சர்ஜிக்கல் மாஸ்க் துணியை இரண்டாக மடித்து உள்பக்கம் ஸ்டேப்ளர் அடியுங்கள். மற்ற இடமெல்லாம் ரப்பரால் அடைபட்டிருந்தால் காற்று இந்த வடிகட்டி வழியாகத்தான் வரும். துணியை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதல்முறை கழற்றும்போது அதன் நிறத்தைப் பாருங்கள்.

விளக்கு ஒவ்வொரு தட்டுக்கும் வேண்டாம். தட்டு கண்ணாடி என்பதால் முன்சட்டத்தின் உட்புறம் இரு பக்கமும் செங்குத்தாக எல்இடி பட்டை ஒட்டினால் எல்லாத் தட்டுக்கும் வெளிச்சம் விழும். 12 வோல்ட், மீட்டருக்கு 4.8 வாட் பட்டை 2.3 மீட்டர் போட்டால் 11 வாட். 2 ஆம்பியர் அடாப்டர் தாராளம், அது பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். மீட்டருக்கு 14.4 வாட் வகையைப் போட்டால் அலமாரி முட்டை பொரிக்கும் பெட்டி ஆகிவிடும்.

எங்கே வைப்பது? மேற்குச் சுவர் வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். வடக்கு ஜன்னல் வெயில் படாதது என்று நம்பி ஏமாறுபவர்கள்தான் அதிகம். மதுரையில் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் வடக்கே சாய்ந்தே போகிறது. காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியே வெயில் இறங்கும். மே மாதத்தில் ஒரு நாள் பார்த்துவிட்டு இடம் முடிவு செய்யுங்கள். பூஜை அறைப் பக்கமும் வேண்டாம், சாம்பிராணிப் புகை கண்ணாடியில் பிசினாகப் படியும். இந்த அலமாரி காலியாகவே 40 கிலோ. மாசி வீதிகள் பக்கம் உள்ள பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளக் அடித்துத் தொங்கவிடாதீர்கள், காரையோடு பெயர்ந்து வரும். நாலங்குலக் கால் கொடுத்துத் தரையில் நிறுத்தி, சுவரிலிருந்து ஓரங்குலம் தள்ளி, மேலே ஒரு கிளாம்ப் மட்டும் பிடியுங்கள். சுவர் ஓதமும் கரையானும் தொற்றாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

வேலை முடிந்த அன்றே மாடலை ஏற்றாதீர்கள். கதவைத் திறந்துபோட்டு நான்கு வாரம் ஆற விடுங்கள். பிறகு மூன்று நாள் மூடிவைத்துத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பசை வாடையோ வினிகர் வாடையோ வந்தால் இன்னும் இரண்டு வாரம். வாடை போன பின்னும் முதலில் ஏற்ற வேண்டியது உங்களிடம் இருப்பதிலேயே மலிவான கிட்டும், தேய்த்த ஈயக்குண்டு ஒன்றும்தான். ஒரு மாதம் அவை மட்டும் உள்ளே இருக்கட்டும்.