திரிபு: இழுத்த உலோகத்துக்கு ஏற்ற சொல்

வியாசர்பாடிப் பட்டறை ஒன்றில், அளவுக்கு மீறி முடுக்கிய போல்ட்டைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "இழுத்துவிட்டது, இனி உதவாது" என்று ஒதுக்கி வைத்தார். மரைகளின் இடைவெளி கண்ணுக்கே தெரியும்படி நீண்டிருந்தது. பொறியியல் படிக்கும் அவர் மகள் அதை ஸ்ட்ரெயின் என்றாள். தமிழில் என்ன என்று கேட்டேன். "அழுத்தம்" என்றாள்.

இழுபட்டு நீண்ட போல்ட்டில் அழுத்தம் எங்கிருந்து வந்தது? ஸ்ட்ரெயின் என்பது திரிபு, ஸ்ட்ரெஸ் என்பது தகைவு. இரண்டும் நம் மேனிலைப் பள்ளி இயற்பியல் பாடநூலிலேயே இருக்கின்றன.

ஆங்கிலச் சொற்கள் இரண்டும் 'இறுகக் கட்டு' என்று பொருள்படும் ஸ்ட்ரிங்கெரே என்ற ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. 1850களில் ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் வரையறுத்துப் பிரிக்கும்வரை அங்கேயே அவை குழம்பிக் கிடந்தன. தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. தகைத்தல் என்றால் தடுத்தல். இழுப்பை எதிர்த்து உலோகம் உள்ளே தடுத்து நிற்கும் விசை, ஓர் அலகுப் பரப்புக்கு இவ்வளவு என்பது தகைவு. திரிதல் என்றால் வேறுபடுதல். நீண்ட அளவை முதல் நீளத்தால் வகுத்தால் வருவது திரிபு. ஒரு மீட்டர் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.001, அதற்கு அலகு கிடையாது.

இலங்கைப் பாடநூல்கள் ஸ்ட்ரெயினை விகாரம் என்கின்றன. நன்னூலில் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றுமே விகாரம். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது திரிதல் மட்டும். குறுகிய பொருள் கொண்ட திரிபே எனக்கு உவப்பு.

இந்தத் திரிபை அணு அளவில் காட்டுவது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. இரும்புப் படிகத்தில் அணுத் தளங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒரு வகைத் தளங்களின் இடைவெளி 0.2027 நானோமீட்டர். அவற்றில் பட்டுச் சிதறும் கதிர்கள் குறிப்பிட்ட கோணங்களில் மட்டுமே ஒன்றையொன்று வலுப்படுத்தும்; படத்தில் அவை கோடுகளாகத் தெரியும். பிராக் தந்தையும் மகனும் 1915இல் நோபல் பரிசு பெற்றது இந்த ஆய்வுக்குத்தான். எஃகை இழுத்தால், இழுக்கும் திசைக்குக் குறுக்கே நிற்கும் தளங்கள் விலகும், கோணம் குறையும். 200 மெகாபாஸ்கல் தகைவில் அந்த விலகல் ஏறத்தாழ 0.0002 நானோமீட்டர்தான். அதையும் அளந்துவிடலாம்.

ஆனால் இப்படி அளப்பது, விசையை எடுத்ததும் மறைந்துவிடும் மீள் திரிபை மட்டுமே. இழுவிசை எல்லை மீறினால் தளங்கள் மேலும் விலகுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அந்தப் பட்டறை போல்ட்டை இன்று கதிரில் வைத்தால், இவ்வளவு நீண்ட பிறகும் தள இடைவெளி பெரும்பாலும் பழைய அளவிலேயே இருக்கும். உள்ளே பெருகிவிட்ட பிறழ்வுகளால், அதாவது அணு அடுக்கின் ஒழுங்குக் குலைவுகளால், கோடுகள் மட்டும் அகன்று தெரியும். ஆகவே மீள் திரிபு, மீளாத் திரிபு என்று அடைமொழியோடு எழுதுவதே சரி.

உலோகக்கலவைகளில் இன்னொன்றும் நடக்கிறது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இன்று பெட்டிகளின் உடலுக்கு ஆகும் துருப்பிடிக்காத எஃகு, வீட்டில் நாம் எவர்சில்வர் என்பதன் உறவுதான். இந்த இனத்தில் சில வகைகளை வலுவாக இழுத்தால், அணுக்களின் அடுக்குமுறையே மாறிவிடுகிறது. காந்தம் ஒட்டாத தகடு, இழுத்து வளைத்த இடத்தில் மட்டும் லேசாக ஒட்டும். எக்ஸ் கதிர்ப் படத்தில் பழைய கோடுகள் மங்கி, முன்பு இல்லாத கோணத்தில் புதிய கோடு எழும்: னகரம் இருந்த இடத்தில் றகரம்.