டாஃபி போடாமல் டாஃபி மணம்

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், இன்னர்லீதன் ஊருக்குப் பக்கத்தில் டிராக்வேர் மாளிகை இருக்கிறது. அதற்குள் பயன்பாடற்றுக் கிடந்த பழைய பியர் காய்ச்சும் கூடத்தை 1965-இல் அதன் உரிமையாளர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் தூசு தட்டி மறுபடி ஓடவிட்டார். 'கைவினை பியர்' என்ற பேச்சே எழாத காலம் அது. அங்கே ஓக் மரத் தொட்டிகளில் நொதிக்கும் டிராக்வேர் ஹவுஸ் ஏல் என்ற பியரில் ஆல்கஹால் 7.2 சதவீதம்.

இந்த வகையின் பெயர் ஸ்ட்ராங் ஸ்காட்ச் ஏல். செல்லமாக 'வீ ஹெவி'. வீ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் சின்னது, ஹெவி என்றால் கனமானது. சரக்கு கனம், அதனால் பாட்டில் சின்னது.

சுவைத்தவர்கள் முதலில் சொல்வது டாஃபி, உலர்திராட்சை, கருகுமுன் இறக்கிய பாகு. உள்ளே போனதோ மால்ட், கசப்புக்கு ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர், நிறத்துக்குக் கொஞ்சம் வறுத்த பார்லி. அவ்வளவுதான். (அதே கூடத்தின் ஜாகபைட் ஏலில் கொத்தமல்லி விதை போடுகிறார்கள், அது தனிக்கதை.) பிறகு பாகு வாசம் எப்படி வந்தது?

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டால், தானியத்திலுள்ள என்சைம்கள் மாவுச்சத்தை வெட்டத் தொடங்கும். பீட்டா அமைலேஸ் சங்கிலியின் நுனியிலிருந்து ஒழுங்காக மால்டோஸ் சர்க்கரையாக நறுக்கும். 60 முதல் 65 டிகிரி அதற்குத் தோது. ஆல்ஃபா அமைலேஸ் நடுவில் கண்டபடி வெட்டும். 70 டிகிரியிலும் தாக்குப்பிடிக்கும். சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் முன்னது சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் துண்டுகள் மிஞ்சும். அவை பெரிதாக இனிப்பதில்லை. ஆனால் நாக்கில் தட்டுப்படும் கனத்தில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

வடித்த சாற்றை அடுத்து நெடுநேரம் கொதிக்கவைப்பார்கள். முதலில் இறங்கும் கெட்டிச் சாற்றில் கொஞ்சத்தைத் தனியே பாகாகச் சுண்டவிட்டுச் சேர்ப்பவர்களும் உண்டு. பியர் உலகம் இதைக் 'கேரமல் ஆக்குவது' என்கிறது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. மால்டோஸ் தானாகக் கேரமல் ஆக சுமார் 180 டிகிரி வேண்டும். கொதிக்கிற சாறு நூறைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அங்கே நடப்பது பெரும்பாலும் மெய்யார் வினை. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் இந்த வினையை, 1912-இல் பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மெய்யார் விவரித்தார். பால்கோவா நிறம் மாறுவதும் இதனால்தான். மால்டால், ஃபியூரனியால் போன்ற மணப்பொருள்கள் இதில் பிறக்கின்றன. நாம் டாஃபி என்று நினைப்பது இவற்றைத்தான்.

லேசாகப் புகை வாசம் அடித்தால் பலர் உடனே பீட்டை, அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்து எரிக்கும் மக்கிய தாவரக் கட்டியை, இழுப்பார்கள். அது விஸ்கியின் பழக்கதோஷம். பீட் புகை காட்டிய மால்ட் இந்த ஏலுக்கு உரியதல்ல. சில புதிய ஆலைகள் ஆசைப்பட்டுச் சேர்க்கின்றன.

இனி ஈஸ்டின் வேலை. லிட்டருக்கு 1,075 கிராம் எடையுள்ள சாறு நொதித்து 1,020-க்கு இறங்கினால் ஆல்கஹால் ஏறக்குறைய 7.2 சதவீதம் வரும். இவ்வளவு கெட்டியான சாற்றில் ஈஸ்ட் திணறும். பழவாசனை தரும் எஸ்டர்களை அதிகமாகக் கக்கும். அதனால்தான் தொட்டியைக் குளிர்ச்சியாக வைக்கிறார்கள். குளிரில் ஈஸ்ட் நிதானமாக உழைக்கும், எஸ்டர் அடங்கும், மால்ட் முன்னுக்கு வரும்.

விழுங்கியதும் தொண்டையில் ஒரு கதகதப்பு பரவுமே, அதில் வெப்பம் ஏதும் இல்லை. டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பி, வழக்கமாக 42 டிகிரி வாக்கில்தான் 'சுடுகிறது' என்று செய்தி அனுப்பும். ஆல்கஹால் அந்த வரம்பை 34 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. அப்புறம் நம் உடம்புச் சூடே சுடுவதாகத் தோன்றும். மிளகாயின் காரம் தட்டுவதும் இதே கதவைத்தான்.

இதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடிப்பது வீண். குளிரில் மணப்பொருள்கள் ஆவியாகி மூக்குக்கு ஏறாது. 10 முதல் 13 டிகிரிதான் சரி. கோப்பையைக் கையில் பொத்திப் பிடித்து ஆற அமரக் குடித்தால், முதல் மடக்கில் ஒளிந்திருந்த உலர்திராட்சை கடைசி மடக்கில் எட்டிப் பார்க்கும்.