இங்கிலாந்தில் ரூமட்டாலஜிஸ்ட்டைப் பார்ப்பது எப்படி: ரெஃபரலும் உங்கள் உரிமைகளும்

"நல்ல ரூமட்டாலஜிஸ்ட் யாராவது தெரியுமாக்கா?" இங்கிலாந்துக்கு வந்து சில மாதமே ஆன பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரூமட்டாலஜிஸ்ட் என்றால் மூட்டு வீக்க நோய்களுக்கான சிறப்பு மருத்துவர். எனக்கு முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், வந்து பல வருடம் ஆகிறது, அதனால் கேட்கிறார்கள். ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் போதும். சாயங்காலம் டோக்கன் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடலாம். இங்கே என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் ஏற்பாட்டில் சிறப்பு மருத்துவரிடம் நேராகப் போக முடியாது. உங்கள் ஜி.பி., அதாவது நீங்கள் பதிவு செய்திருக்கும் பொது மருத்துவர், கடிதம் எழுதி அனுப்பினால்தான் மருத்துவமனை உங்களைக் கூப்பிடும். அதற்கு ரெஃபரல் என்று பெயர். அந்த ரெஃபரலை எப்படிக் கேட்டு வாங்குவது, எந்த மருத்துவமனைக்கு என்று யார் முடிவு செய்வது, போன பிறகு என்ன எதிர்பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். நம்மவர்கள் மூட்டு வலி என்றதும் எலும்பு டாக்டரைத் தேடுகிறார்கள். எலும்பு முறிவு, தேய்மானம், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இதெல்லாம்தான் அவர் வேலை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கி வீங்க வைக்கும் நோய்களுக்கு, அதாவது முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸோடு வரும் மூட்டழற்சி, முதுகுத்தண்டை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் போன்றவற்றுக்கு, ரூமட்டாலஜிஸ்ட்டிடம்தான் போக வேண்டும்.

யாருக்கு இலவசம்?

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ வந்தவர்கள், விண்ணப்பிக்கும்போதே ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்தைக் கட்டியிருப்பீர்கள். 2024 பிப்ரவரி 6 முதல் அது பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 776 பவுண்டு. அதைக் கட்டியவர்களுக்கு மருத்துவமனையில் ரூமட்டாலஜிஸ்ட்டைப் பார்ப்பது, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதற்கும் தனியாகப் பணம் கிடையாது. ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வந்த நர்ஸ்களும் அவர்கள் குடும்பத்தாரும் சர்சார்ஜ் கட்டுவதில்லை, ஆனால் உரிமை அதேதான்.

விசாவில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து டாக்டரிடமே போகாமல் இருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரி அரசு உதவித்தொகைகளைப் பற்றியது. என்.எச்.எஸ். சிகிச்சை அந்தப் பட்டியலில் இல்லை. தைரியமாகப் போங்கள்.

பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பா கதை வேறு. ஜி.பி.யைப் பார்க்க அவர்களுக்கும் காசு கிடையாது. மருத்துவமனை ரூமட்டாலஜிஸ்ட் என்றால், வழக்கமான என்.எச்.எஸ். கட்டணத்தில் 150 சதவீதம் கேட்பார்கள், பெரும்பாலும் முன்கூட்டியே. அவர்கள் ஊரில் பார்க்கும் டாக்டரிடமே தொடர்ந்து காட்டி, திரும்பிப் போகும் நாள் வரைக்கும் மாத்திரை கையில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

ஜி.பி.யில் பதிவு செய்ய முகவரிச் சான்றோ விசாவோ காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்பார்கள், இருந்தால் கொடுக்கலாம். இல்லை என்பதற்காகப் பதிவு செய்ய மறுக்கக் கூடாது என்பது விதி.

ஜி.பி.யிடம் என்ன சொல்வது?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் முறை போனபோது "கை வலிக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அப்பாயின்ட்மென்ட் காலை 11:40-க்கு. அதற்குள் விறைப்பு விட்டு, வீக்கம் பாதி வடிந்துவிட்டது. பாரசிட்டமால் போடுங்கள், ஆறு வாரம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை, காலை ஆறு மணிக்கு எடுத்த படங்களை போனில் கொண்டுபோனேன். விரல் அடிக்கணுக்கள் பன் மாதிரி உப்பியிருந்தன, மோதிரம் கழறவில்லை. தண்ணீர்க் குழாயைத் திருக முடியாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் திறப்பதைச் செய்து காட்டினேன். ஒன்றரை மணி நேரம் ஆனால்தான் விரல் மடங்குகிறது என்று சொன்னேன். அந்த ஜி.பி. என் விரல் கணுக்களைப் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்தினார். நான் கத்திவிட்டேன். அன்றைக்கே ரெஃபரல் போனது.

ஆக, வலி என்று மட்டும் சொல்லாதீர்கள். வீக்கம், காலை விறைப்பு எவ்வளவு நேரம், எந்தெந்த மூட்டு, எந்த மாதம் ஆரம்பித்தது, இந்த நான்கையும் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது முடக்குவாதமோ சொரியாசிஸோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் என்ற அமைப்பு, காரணம் தெரியாமல் தொடரும் மூட்டு வீக்கம் என்று சந்தேகம் வந்தாலே சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது. கை கால்களின் சின்ன மூட்டுகள் பாதித்திருந்தால், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டு பாதித்திருந்தால், அல்லது அறிகுறி ஆரம்பித்து டாக்டரிடம் வருவதற்குள் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், அவசரமாக அனுப்ப வேண்டும். இன்னொன்றும் அதில் தெளிவாக இருக்கிறது: முடக்குவாதத்துக்கு அடையாளமாகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி இரண்டும் ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். நார்மலாக இருந்தாலும், ரெஃபரலை நிறுத்தக் கூடாது. "ரத்தத்தில் ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்" என்று யாராவது சொன்னால், "நைஸ் வழிகாட்டுதல் என்.ஜி. 100-இல் இப்படி இருக்கிறதே, என் வீக்கத்துக்கு அது பொருந்துமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது சண்டை அல்ல. அங்கேயும் சரிவரவில்லை என்றால் அதே கிளினிக்கில் வேறு டாக்டரைக் கேட்கலாம், கிளினிக்கையே மாற்றலாம்.

ரெஃபரலுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஊரிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரை வரவழைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். வலி அடங்கும், வீக்கமும் வடியும். மருத்துவமனையில் கையைப் பார்க்கும்போது அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.

எந்த மருத்துவமனை?

பலருக்கும் தெரியாத உரிமை இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில், முதல் சந்திப்புக்கு எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். வீட்டுப் பக்கத்து மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. என்.எச்.எஸ். ஒப்பந்தம் உள்ள இடமாக இருந்தால் போதும். குறிப்பிட்ட கன்சல்டன்ட், அதாவது மூத்த சிறப்பு மருத்துவர், நடத்தும் குழுவைக்கூடக் கேட்கலாம். கைதிகள், ராணுவத்தில் பணிபுரிபவர்கள், அவசர சிகிச்சை போன்ற சிலவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. ஜி.பி. ஒரு மருத்துவமனையின் பெயரைச் சொல்லும்போது, "வேறு எங்கெல்லாம் அனுப்ப முடியும்?" என்று அங்கேயே கேளுங்கள். ரெஃபரல் பதிவானதும் என்.எச்.எஸ். ஆப்பில் அதைப் பார்க்கலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? 'மை பிளான்ட் கேர்' என்ற என்.எச்.எஸ். தளத்தில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் துறைவாரியாக எவ்வளவு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கும், ரயிலில் நாற்பது நிமிடம் போகத் தயாராக இருந்தால் சில மாதங்கள் மிச்சமாகலாம். அப்புறம், புதிதாக மூட்டழற்சி வந்தவர்களை எந்த மருத்துவமனை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறது என்று ஒரு தேசிய தணிக்கை 2018 முதல் கணக்கெடுத்து, மருத்துவமனை வாரியாக வெளியிடுகிறது. பிரிட்டிஷ் சொசைட்டி ஃபார் ரூமட்டாலஜி அதை நடத்துகிறது. மருத்துவரின் பெயர் தெரிந்துவிட்டால் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அவர் ரூமட்டாலஜியில் சிறப்பு மருத்துவராகப் பதிவு பெற்றவரா என்று அதில் தெரியும், காசு கிடையாது.

கூகுள் நட்சத்திரங்களை நான் நம்புவதில்லை. முடக்குவாதம் வருடக்கணக்கில் கூடவே வரும் நோய். அதற்கு நல்ல மருத்துவர் என்றால், திடீரென்று வீங்கிப் படுத்துக்கொண்ட நாளில் போனை எடுக்கும் ஒரு குழு அவர் பின்னால் இருக்க வேண்டும்.

தனியார் ரூமட்டாலஜிஸ்ட்டையும் பார்க்கலாம், காசு உங்களுடையது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தனியாரில் ஆரம்பித்தால், அதைத் தொடர்ந்து எழுதித் தர ஜி.பி. ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நீண்ட நாள் நோய்களுக்குத் தனியார் இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். நோய் இன்னது என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தக் கடிதத்தோடு என்.எச்.எஸ்.ஸுக்குத் திரும்புவதில் தப்பில்லை.

எத்தனை நாளில் கூப்பிட வேண்டும்?

நைஸ் வைத்திருக்கும் தர அளவுகோல் இது: தொடரும் மூட்டு வீக்கம் என்ற சந்தேகத்தோடு ரெஃபரல் போனவரை 3 வாரத்துக்குள் ரூமட்டாலஜி பிரிவில் பார்க்க வேண்டும். முடக்குவாதம் என்று உறுதியானால், ரெஃபரல் போன நாளிலிருந்து 6 வாரத்துக்குள் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து ஆரம்பிக்க வேண்டும். எல்லா மருத்துவமனையும் இதை எட்டுவதில்லை. ஆனாலும் மூன்று வாரம் கழிந்தும் கடிதம் வரவில்லை என்றால், போன் செய்து கேட்க இது உங்களுக்குப் பிடிமானம். அவசரமில்லாத ரெஃபரலுக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும் என்பது என்.எச்.எஸ். சாசனத்தில் உள்ள உரிமை. அதைத் தாண்டினால் வேறு இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். மருத்துவமனையில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால், அங்கேயே பால்ஸ் என்று ஓர் அலுவலகம் இருக்கும். நோயாளிகளின் குறைகளைக் கேட்பதுதான் அவர்கள் வேலை.

ஊரிலேயே நோய் தெரிந்து வந்தவர்களுக்கு

பிளாஸ்டிக் கவரில் தடியாக ஒரு ஃபைல் வைத்திருப்பீர்கள். அதைத் தூக்கிப்போடாதீர்கள். ஆனால் அதை அப்படியே ஜி.பி. மேஜையில் வைத்தால் பத்து நிமிடத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: நோயின் பெயர், எந்த வருடம் கண்டுபிடித்தது, இப்போது சாப்பிடும் மருந்து, முன்பு ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய மருந்து. மருந்தின் பிராண்டு பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. ஃபோலிட்ராக்ஸ் என்றால் மெத்தோட்ரெக்சேட், எச்.சி.க்யூ.எஸ். என்றால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சாஸ் என்றால் சல்ஃபாசலசின், வைசோலோன் என்றால் பிரெட்னிசோலோன் என்று மூலப்பெயரை எழுதுங்கள். இரண்டு மூன்று மாத மாத்திரையோடு வாருங்கள், வந்த வாரமே ஜி.பி.யில் பதியுங்கள். மாத்திரை தீர்ந்த பிறகு ஓடினால் இடைவெளி விழும். பிரெட்னிசோலோன் சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

மெத்தோட்ரெக்சேட்டில் மட்டும் கண் கொத்திப் பாம்பாக இருங்கள். ஊரில் 15 மில்லிகிராம் ஒரே மாத்திரையாகக் கிடைக்கும். இங்கே பெரும்பாலும் 2.5 மில்லிகிராம் மாத்திரைதான் தருகிறார்கள், அதே அளவுக்கு ஆறு மாத்திரை வரும். எண்ணிக்கை மாறும், அளவு மாறாது. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். அது எந்த நாள் என்று டப்பாவில் எழுதி வையுங்கள்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எந்த வருடம் ஆரம்பித்தீர்கள் என்பதும் முக்கியம். ஐந்து வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு வருடாவருடம் விழித்திரைப் பரிசோதனை உண்டு. சிலருக்கு அதற்கு முன்பே தேவைப்படும். மருந்து இங்கே வந்துதான் ஆரம்பித்தது போலப் பதிவானால், அந்தப் பரிசோதனை வருடக்கணக்கில் தள்ளிப்போகும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பயாலஜிக் ஊசி வரைக்கும் போக வேண்டியிருந்தால், முதலில் உடம்பில் ஒளிந்திருக்கும் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "விசாவுக்கே எக்ஸ்ரே எடுத்தேனே" என்று சொல்லி மறுக்காதீர்கள். அந்த எக்ஸ்ரேயில் தூங்கும் கிருமி தெரியாது. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

சிகிச்சை ஆரம்பித்த பிறகு

மருந்தை மருத்துவமனை ஆரம்பித்து, அளவு நிலைத்ததும் ஜி.பி. கையில் ஒப்படைக்கும். இதற்கு ஷேர்டு கேர் என்று பெயர். ரத்தப் பரிசோதனை முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதாமாதம், அப்புறம் குறைந்தது 12 வாரத்துக்கு ஒருமுறை. தேதியைக் காலண்டரில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் விட்டுப்போவது இதுதான்.

ஜி.பி. எழுதும் மருந்துக்கு ஒவ்வொன்றுக்கும் 9.90 பவுண்டு, 2024 மே மாதம் வைத்த விலை. மாதம் மூன்று மருந்து என்றால் வருடத்துக்கு 356 பவுண்டுக்கு மேல் போய்விடும். மருந்துச் செலவை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டும் பிரீபேமென்ட் சர்ட்டிஃபிகேட் எடுத்தால் வருடம் முழுவதும் எத்தனை மருந்தானாலும் 114.50 பவுண்டுதான், பத்துத் தவணையாகவும் கட்டலாம். 60 வயதுக்கு மேல் இலவசம். வருமானம் குறைவானவர்களுக்கு, மருந்தை இலவசமாக வாங்க எச்.சி.2 சான்றிதழ் உண்டு. எனக்கு இதை முதல் வருடம் யாரும் சொல்லவில்லை.

ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசம். பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். கணவரோ பிள்ளைகளோ இருக்கிறார்களே என்று விட்டுவிடாதீர்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் மெத்தோட்ரெக்சேட்டை முன்கூட்டியே நிறுத்த வேண்டும், எவ்வளவு முன்பு என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மாதிரிப் பேச்சை மகனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு எந்தத் தாய் பேசுவாள்?

மருத்துவர் மீது நம்பிக்கை வரவில்லை என்றால் இன்னொருவரின் கருத்தைக் கேட்கலாம். சட்டப்படியான உரிமை என்று இல்லை, ஆனால் மறுப்பது அரிது.

முதல் சந்திப்பு முடிந்து எழுந்திருக்கும் முன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ரூமட்டாலஜி நர்ஸ் ஹெல்ப்லைன் நம்பர். நோய் திடீரென்று கிளம்பினாலோ மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனாலோ அதில் கூப்பிட்டால் ஒரு வேலை நாளுக்குள் ஆலோசனை கிடைக்க வேண்டும் என்பதும் நைஸ் அளவுகோல்தான். பல இடங்களில் ஆன்சரிங் மெஷின்தான் எடுக்கும். பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண், எந்த மூட்டு, எத்தனை நாளாக என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வையுங்கள். கூப்பிடுவார்கள். அந்த நம்பரை என் போனில் மட்டுமல்ல, வீட்டுக்காரர் போனிலும் பதிந்து வைத்திருக்கிறேன். விரல் மடங்காத காலையில் என் போனை என்னாலேயே திறக்க முடியாது.