இரவில் உளையும் கால்

நல்லூர்த் திருவிழாவில் பகல் முழுக்க வீதி மணலில் ஓடித் திரிந்த பிள்ளை, நடுச்சாமத்தில் "அம்மா, கால் உளையுது" என்று அழுதபடி எழும்பும். "வளருற பிள்ளை, அப்பிடித்தான்" என்பார் அம்மம்மா. வைத்தியர்களும் இதை வளர்ச்சி வலி என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் பொருந்தவில்லை.

பிறந்த முதல் ஆண்டில் குழந்தை ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் வளர்கிறது. பருவமடையும்போது ஆண்டுக்கு 8 முதல் 10. இந்த உளைவு வருவதோ பெரும்பாலும் 3 முதல் 12 வயதுக்குள், ஆண்டுக்கு 5, 6 சென்ரிமீற்றர் மட்டுமே கூடும் காலத்தில். வளர்ச்சிதான் காரணமென்றால் கைக்குழந்தையல்லவா கூடுதலாக அழவேண்டும்! பகலில் ஓடிக் களைத்த தசை, இளகிய மூட்டுகள், சில பிள்ளைகளுக்கு வலி எளிதில் உறைப்பது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எதுவும் முடிந்த முடிபல்ல.

அடையாளம் தெளிவானது. இரண்டு காலும் உளையும். தொடையின் முன்புறம், கெண்டைக்கால், முழங்காலின் பின்புறம், மூட்டில் அல்ல. விடிந்தால் பிள்ளை ஒன்றும் நடவாததுபோல் ஓடும். இன்னொன்று: பிடித்துவிடச் சொல்லிக் காலை நீட்டும். தொட்டாலே காலை இழுத்துக்கொண்டால் அது வேறு நோயாக இருக்கலாம்.

நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிப் பத்து நிமிடம் உருவிவிட்டால் பெரும்பாலும் போதும். அடிக்கடி வந்தால், படுக்குமுன் மல்லாக்கக் கிடத்தி, முழங்காலை நேராக வைத்து, பாதத்தை மெதுவாக முகப்பக்கம் வளைத்து 20 விநாடி பிடியுங்கள். காலுக்கு ஐந்து தடவை. அதற்கும் அடங்காவிட்டால் பரசிற்றமோல் பாணி, ஒரு தடவைக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம். அதாவது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 10 மில்லிலீற்றர். போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், லேபிளைப் பாராமல் ஊற்றாதீர்கள். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கூடவே கூடாது.

ஒரே காலில் திரும்பத் திரும்ப வலி, காலையிலும் நொண்டல், மூட்டு வீக்கம், வெளிறல், காரணமில்லாத கண்டல், மெலிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். மூட்டுவாதம், எலும்புத் தொற்று, அரிதாக இரத்தப் புற்றுநோய்கூட இப்படித் தொடங்கும். மாரி மழைக் காலத்தில் காய்ச்சலோடு கால் உளைந்தால் முதலில் டெங்குவை நினையுங்கள். அப்போது இபுபுறூஃபன் என்ற வலிமருந்தைக் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடும்.