வேலிக்கு அப்பால் துப்பாக்கிச் சத்தம்: டெக்ஸஸில் நிலம் வாங்கும் நம்மவர்களுக்கு

ஆஸ்டினிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் 11 ஏக்கர் வாங்கி, வீடு கட்டி, பனியில் இரண்டு முறை கருகிய முருங்கையை மூன்றாவது முறையாக நட்டு, கோழி வளர்க்கவும் தொடங்கியிருந்த ஒரு தமிழ்க் குடும்பம் என் முன் சமரசப் பேச்சுக்கு வந்தது. குடியேறிய முதல் சனிக்கிழமை காலை, ஊரிலிருந்து வந்திருந்த தாயார், “யார் வீட்லடா விசேஷம், வெடி போடுறாங்க?” என்று கேட்டாராம். பக்கத்து நிலத்துக்காரர் நண்பர்களோடு துப்பாக்கி சுட்டுப் பழகுகிறார் என்று மகன் சொன்னபோது எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நான்காவது வாரம் கோழிக் கொட்டகையின் தகரக் கூரையில் ஓர் ஓட்டை தென்பட்டது. (இரு தரப்பின் இசைவோடும், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.)

இத்தகைய பிணக்குகளில் சமரசராக அமரும்போது நான் முதலில் செய்யும் வேலை, புகாரை இரண்டாகப் பிரிப்பது. சத்தம் ஒன்று, குண்டு இன்னொன்று. பாதிக்கப்பட்டவர் மனத்தில் இரண்டும் ஒரே கொடுமையாகத்தான் இருக்கின்றன. அதனால் உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசும்போதும் சத்தத்தைப் பற்றியே கால் மணி நேரம் பேசிவிட்டு, கூரை ஓட்டையை இறுதியில் ஒரு வரியாகச் சொல்கிறார்கள். டெக்ஸஸ் சட்டமோ இந்த இரண்டையும் வெவ்வேறு உலகங்களாக வைத்திருக்கிறது. சத்தத்துக்கு அதன் பார்வையில் மதிப்பு மிகக் குறைவு. வேலியைத் தாண்டிய ஒரே ஒரு குண்டுக்கு மதிப்பு மிக அதிகம்.

அழைப்பின் பேரில் வரும் டெபுடி (ஷெரிஃபின் கீழுள்ள காவலர்), “அவர் நிலத்தில் அவர் சுடுகிறார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவதை அலட்சியம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அலட்சியம் இல்லை. நகர எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தில், இன்ன இடத்தில் இன்னதுதான் செய்யலாம் என்று வரையறுக்கும் அதிகாரம், கவுண்டி எனப்படும், நம் மாவட்டம் போன்ற டெக்ஸஸ் நிர்வாகப் பிரிவுகளுக்குப் பொதுவாகக் கிடையாது. துப்பாக்கி சுடுவதைப் பொறுத்தவரை, மனைப் பிரிவுகளுக்குள் 10 ஏக்கரோ அதற்குக் குறைவாகவோ உள்ள மனைகளில் மட்டும் கவுண்டி ஆணை பிறப்பித்து ஒழுங்குபடுத்தலாம். பிறப்பித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் கவுண்டியில் அத்தகைய ஆணை இருக்கிறதா என்பதை நிலம் வாங்கும் முன் கவுண்டி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம்மவர்கள் கிணற்று நீரின் உப்பைக் கேட்கிறார்கள், பள்ளியின் தரத்தைக் கேட்கிறார்கள், இதை மட்டும் கேட்பதில்லை.

வீட்டு உரிமையாளர் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பதும் வீண். 2019-இல் வந்த மாநிலச் சட்டம், துப்பாக்கி வைத்திருப்பதை மட்டுமல்லாமல், மற்றபடி சட்டத்துக்கு உட்பட்டுச் சுடுவதையும் அந்தச் சங்கங்கள் தடை செய்ய முடியாதபடி ஆக்கிவிட்டது. தரகர் கையில் கொடுக்கும் பழைய விதிமுறைக் கையேட்டில் “சுடக் கூடாது” என்று அச்சிட்டிருக்கலாம். அந்த வரிக்கு இப்போது பலமில்லை.

சத்தத்தைத் தனியாக எடுத்துக்கொண்டால், ஒழுங்கீன நடத்தை பற்றிய தண்டனைச் சட்டப் பிரிவு இருக்கிறது. பொதுத் தொல்லை என்று காவல் அதிகாரியோ நீதிபதியோ ஒருவரை எச்சரித்த பிறகும் 85 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுந்தால், அது நியாயமற்ற சத்தம் என்று சட்டம் அனுமானிக்கிறது. எச்சரிக்கை முதலில் வந்தாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சிவில் நீதிமன்றத்தில் தொல்லை வழக்கும் தொடரலாம்; ஆனால், சாதாரண மனிதர் எவருக்கும் பொறுக்க முடியாத அளவுக்கு நிலத்தின் அனுபோகம் கணிசமாகக் கெட்டது என்று காட்ட வேண்டும் என்பதை மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் ஒரு எரிவாயுக் குழாய் நிறுவன வழக்கில் விரிவாகவே விளக்கியிருக்கிறது. துப்பாக்கிச் சத்தம் வழக்கமான கிராமப்புறத்தில் வாரம் இரண்டு மணி நேரச் சுடுதலை வைத்து அந்த உயரத்தைத் தொடுவது கடினம், செலவும் அதிகம்.

குண்டுக்கு வருவோம். வேட்டையாடும்போதோ பொழுதுபோக்காகச் சுடும்போதோ ஒருவர் தெரிந்தே துப்பாக்கியை இயக்கி, அதிலிருந்து புறப்பட்ட குண்டு நில எல்லையைக் கடந்தால், பூங்கா மற்றும் வனவிலங்குச் சட்டத்தொகுப்பின்படி அதுவே குற்றம். இரு பக்க நிலமும் அவருடையதாகவோ அடுத்த நிலத்துக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்றதாகவோ இருந்தாலொழிய அவருக்கு விலக்கு இல்லை. எல்லையைக் கடக்க வேண்டும் என்று அவர் எண்ணினாரா என்பது கேள்வியே அன்று. அபராதம் என்னவோ 500 டாலர் வரைதான். ஆனால் அந்தப் பதிவு ஒன்று ஏற்பட்டுவிட்டால், அடுத்த முறை “எனக்குத் தெரியாது” என்று அவர் சொல்ல முடியாது. தெரிந்தே ஆள் இருக்கும் திசையிலோ, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதைப் பொருட்படுத்தாமல் வீடு இருக்கும் திசையிலோ சுட்டதாக நிறுவப்பட்டால் 2 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைக்கு வழியுள்ள பெருங்குற்றப் பிரிவு காத்திருக்கிறது.

ஆகவே ஓட்டையைக் கண்டால் அடைக்காதீர்கள். குண்டு மரத்திலோ சுவரிலோ பதிந்திருந்தால் கத்தியால் நோண்டி எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள், உள்ளே நுழைந்த ஓட்டையையும் வெளியேறிய ஓட்டையையும் தனித்தனியாக எடுங்கள். இரண்டையும் இணைத்துக் கோடு இழுத்தால் குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். நாள், மணி, கேட்ட சத்தங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவாருங்கள். புகாரில் முதல் வரி, “குண்டு என் எல்லைக்குள் வந்திருக்கிறது” என்பதாக இருக்கட்டும்.

மேற்சொன்ன குடும்பத்தின் விவகாரத்தில் முதல் அமர்வு வெறும் வாய்ச்சண்டையாகவே முடிந்ததால், இரண்டாவது அமர்வை அந்த நிலத்திலேயே வைத்தேன். துப்பாக்கிகள் பெட்டியில் பூட்டப்பட்டிருந்தன. சுடும் மேசையிலிருந்து 100 கஜத்தில், இரும்புச் சட்டத்தில் சங்கிலியால் ஓர் எஃகுத் தகடு தொங்கியது. அதன் பின்னால் டிராக்டரால் தள்ளிக் குவித்த மண்மேடு. அதற்கும் பின்னால், நம் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட் மரங்கள் புதராக மண்டிக் கிடந்தன. மேட்டின் பக்கவாட்டில் நான் போய் நின்றேன். மூன்று ஆண்டு மழையில் கரைந்து அது என் தோளுயரத்துக்கு இறங்கியிருந்தது; தகட்டின் மேல் விளிம்போ என் நெற்றிக்கு நேராக இருந்தது. அந்த இடைவெளி வழியாகப் பார்த்தபோது, இலையுதிர்ந்த கிளைகளுக்கு நடுவே தகரக் கூரை வெயிலில் மின்னியது. பக்கத்து நிலத்துக்காரரை அழைத்து அதே இடத்தில் நிற்கச் சொன்னேன். எப்போதும் மேசைப் பக்கம் நின்றே பழகியவர், அந்தக் கோணத்திலிருந்து தம் மேட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. “மரங்கள் தடுத்துவிடும் என்று நினைத்தேன்” என்றார்.

மரங்கள் தடுக்காது. மிகச் சிறியதாகக் கருதப்படும் .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருக்கிறார்கள். குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்ற கேள்விக்குச் சுடுபவர் கையைக் காட்டிப் பதில் சொல்ல முடிய வேண்டும். அவர் காட்டுவது கல் கலக்காத, தகட்டைவிட நன்கு உயர்ந்த மண்ணாக இருக்க வேண்டும். தகடும் சற்றே முன்பக்கம் சாய்ந்து தொங்கினால்தான் சிதறும் ஈயத்துண்டுகள் தரையில் விழும். நம்மவர்களில் துப்பாக்கி வாங்கிச் சுடத் தொடங்கியிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீது புகார் சொல்லி வந்த பண்ணைக்காரர் ஒருவரையும் நான் சந்தித்திருக்கிறேன் என்பதால், இந்தப் பத்தி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சத்தம் பொறுக்க முடியாத இரவில், நேரே வேலியோரம் போய் நின்று கேட்டுவிடலாம் என்று தோன்றும். 2023 ஏப்ரல் 28 அன்று இரவு, ஹூஸ்டனுக்கு வடக்கே கிளீவ்லண்ட் அருகில், குழந்தை தூங்க வேண்டும், சற்றுத் தள்ளிச் சுடுங்கள் என்று பக்கத்து வீட்டார் கேட்டதற்காக, சுட்டுக்கொண்டிருந்தவர் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து, ஒரு சிறுவன் உட்பட 5 பேரைக் கொன்றார். எல்லா அண்டை வீட்டுக்காரரும் அப்படிப்பட்டவர் இல்லை. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொன்னால் கேட்பவர்கள். என்றாலும் குடித்திருக்கக்கூடிய ஒருவரிடம், ஆயுதம் கையில் இருக்கும் நேரத்தில், இருட்டில் போய்ப் பேசுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. மறுநாள் பகலில், தபால் பெட்டி பக்கத்தில் பார்க்கும்போது பேசலாம். அதுவும் முடியாதென்றால், பல கவுண்டிகளில் சமரச மையம் இருக்கிறது.

சமாதானம் ஆன கையோடு வரும் இன்னொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மனம் இளகிய அண்டை வீட்டுக்காரர், “வாருங்கள், நீங்களும் நாலு ரவுண்டு சுட்டுப் பாருங்கள்” என்று அன்போடு அழைப்பார். எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சில நிமிடம் கையில் வாங்குவதும் அதில் அடங்கலாம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் மேசைப் பக்கம் போகாதீர்கள். விசாவோடு விளையாட வேண்டாம்.

அந்த நிலத்தில் ஒரு வழியாக எட்டிய ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். மேட்டை உயர்த்தி, தகட்டைக் கீழே இறக்கும் வரை சுடுவதில்லை என்பது முதல் பத்தி. சுடுவதற்கு அரை மணி நேரம் முன்பு குறுஞ்செய்தி அனுப்புவது இரண்டாவது. வெடிக்கும் இலக்குகள் அறவே கூடாது என்பது மூன்றாவது. அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. துப்பாக்கி முனையில் பொருத்தும், சத்தம் அடக்கும் குழாய் வாங்குவதாகப் பக்கத்து நிலத்துக்காரரே சொன்னார். அதற்கான 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி 1 முதல் இல்லை, பதிவு நடைமுறை மட்டும் தொடர்கிறது. அது சத்தத்தை அறவே போக்காது, காதை அறைவதைக் குறைக்கும். கையெழுத்திடும் முன் அந்தத் தாயார் மதியம் எத்தனை மணிக்குப் படுப்பார் என்று அவர் கேட்டார். மகன் பதில் சொன்னதும், தட்டச்சு செய்த தாளின் ஓரத்தில் தம் பேனாவால் நான்காவது பத்தியை எழுதினார்: அம்மா வந்திருக்கும் மாதங்களில் 1 மணி முதல் 4 மணி வரை சுடுவதில்லை.