பிண விறைப்பா, 'மரண உறைவா'?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால் தொலைக்காட்சிக்குத் தப்ப முடியாது. போன வாரம் ஒரு துப்பறியும் தொடர். கீழே எழுத்து ஓடுகிறது: 'மரண உறைவு தொடங்கிவிட்டது.' இதை எத்தனை தொடர்களில் பார்த்துவிட்டேன்! பக்கத்தில் இருந்த செம்பனை லாரி ஓட்டும் தம்பி, "நம்ம ஊரு வெயில்ல எப்படிண்ணே உறையும்? ஐஸ் பெட்டியில வச்சிருந்தாங்களா?" என்றான். எழுதியவருக்குத் தோன்றாத கேள்வி.

செத்த சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துப்போவதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். மூலச்சொல் 'ரிகோர் மோர்ட்டிஸ்', லத்தீன். ரிகோர் என்றால் விறைப்பு, மோர்ட்டிஸ் என்றால் சாவினுடைய. அவ்வளவுதான். காய்ச்சலில் உடம்பு வெடவெடக்கும் நடுக்கத்துக்கும் மருத்துவத்தில் அதே ரிகோர்தான் பெயர். குளிரை அங்கிருந்து இழுத்து வந்தார்களோ என்னவோ.

தமிழில் உறைவது எது? பால் உறையும், இரத்தம் உறையும், தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி. நீர்மம் கெட்டியாவதுதான் உறைதல். செத்த உடம்பின் தசையில் நடப்பது வேறு. தசை இழைகள் ஒன்றையொன்று பிடிப்பதும் விடுவதுமாக இயங்குபவை. பிடியை விட ஏ.டி.பி. என்ற வேதிப்பொருள் வேண்டும். உயிர் போனபின் அது புதிதாக ஊறுவதில்லை, இருப்பு தீர்ந்ததும் பிடித்த பிடி அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு இழைகளே சிதையத் தொடங்கும்போதுதான் உடம்பு மறுபடி தளரும்.

இதெல்லாம் வேதிவினை என்பதால் சூட்டில் வேகமெடுக்கும், குளிரில் மந்தப்படும். மிதமான தட்பவெப்பத்தில் 2 முதல் 4 மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பக்கம் தெரிய ஆரம்பித்து, 12 மணி நேர அளவில் உடம்பு முழுக்கப் பரவும். எங்கள் ஊர் வெக்கையில் 1, 2 மணி நேரத்திலேயே தாடை இறுகிவிடலாம். வந்த வேகத்தில் விட்டும் போகும். மருத்துவமனைக் குளிரறையிலோ தாமதமாக வந்து நாள்கணக்கில் நிற்கும். குளிரான கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து இரவும் சுங்கை சிப்புட் மதியமும் இதற்கு ஒன்றல்ல. ஆக, 'உறைவு' என்ற சொல் விஷயத்தைத் தலைகீழாக்குகிறது: குளிரால் வருவது என்று நம்பவைக்கிறது.

உண்மையாகவே உறைந்த பிணமும் உண்டு. கடுங்குளிரில் உடம்பின் நீர் பனியாகி, கொழுப்பு கெட்டியாகி விறைப்பது தனி நிலை; தடயவியல் நூல்கள் அதைப் பிரித்தே பேசுகின்றன. 'உறைவு' அதற்குத்தான் பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே எதைப் போடுவார்கள்? மலாய்க்காரர்கள் குழம்பவில்லை. விறைப்புக்கு 'காக்கு', உறைந்த மீனுக்கு 'பெக்கு'. விறைத்த பிணத்துக்கும் அந்தக் 'காக்கு'தான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்து மேசைக்காரனிடம் கேட்டிருந்தாலே போதும்.

'குளிர்ல கை விறைச்சிருச்சு' என்கிறோமே, விறைப்பிலும் குளிர் இல்லையா என்று யாராவது மடக்கலாம். இருக்கிறதுதான். ஆனால் கஞ்சி போட்ட சட்டையும் விறைக்கும், கோபக்காரர் பேச்சும் விறைக்கும். விறைப்பு நிலையைச் சொல்கிறது, காரணத்தைத் தலையில் கட்டுவதில்லை.

தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு சாவு. வெளியூரிலிருந்து மகன் வரட்டும் என்று எல்லோரும் கைகட்டி நிற்க, ஒரு பாட்டி மட்டும் வெள்ளைத் துணியைக் கிழித்துத் தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் முடிந்தார், கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். "அப்புறம் விறைச்சிரும், வாய மூட முடியாதுடா." உறைஞ்சிரும் என்று அவர் சொல்லவில்லை.

முன்னொட்டாக என்ன போடுவது? 'மரண விறைப்பு' பரவாயில்லை. ஆனால் விறைப்பது மரணமா, பிணம்தானே? தூய தமிழ் வேண்டுமென்று ஒரு நண்பர் 'சாவிறைப்பு' என்று எழுதினார். சாவு, இறைப்பு என்று பிரித்தால் வயலுக்குச் சாவை இறைத்த மாதிரி இருக்கிறது. எனக்குப் பிண விறைப்பு போதும். நடுவில் இடம் விட்டு எழுதுங்கள். சேர்த்தால் இதையும் இறைத்துவிடுவார்கள்.